ஹீரோ இருக்கிறாரா, போய்விட்டாரா?

வீடியோ கேம்களின் கடைசிக் காட்சி மீது நடக்கும் ஓயாத வழக்கு

இடிந்து கிடக்கும் கான்கிரீட் குவியல். அதற்குள் கருகிய கவசத்தோடு ஓர் உடல். முகத்தைக் காட்டமாட்டார்கள். ‘என்7’ என்ற படை அடையாளம் மட்டும் கண்ணில் படும். சில நொடிகள் அசைவே இல்லை. பிறகு வெடுக்கென்று மார்பு எழ, ஒரே ஒரு மூச்சு. அவ்வளவுதான், திரை இருண்டுவிடும்.

2012 மார்ச் மாதம் வந்த ‘மாஸ் எஃபெக்ட் 3’ என்ற வீடியோ கேமின் முடிவுகளில் ஒன்று இது. அந்த மூச்சு எங்கே விடப்பட்டது, அடுத்த மூச்சும் வந்ததா, கமாண்டர் ஷெப்பர்ட் உயிரோடு இருக்கிறாரா என்று கேமர்கள் இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். சாட்சிகளை அடுக்குகிறார்கள், குறுக்கு விசாரணை செய்கிறார்கள், தீர்ப்பும் சொல்கிறார்கள். மேல்முறையீடு மட்டும் முடிவதே இல்லை.

(முடிவுகளைப் பற்றிய கட்டுரையில் முடிவுகளைச் சொல்லாமல் இருக்க வழியில்லை. ‘லிம்போ’, ‘ஹேலோ 3’, ‘சைலன்ட் ஹில் 2’, ‘நியர்: ஆட்டோமேட்டா’ போன்றவற்றை இனிமேல்தான் ஆடப்போகிறேன் என்பவர்கள், ஆடிவிட்டு வந்து படிக்கலாம். கட்டுரை எங்கும் போய்விடாது.)

நம் பழைய படங்களில் கடைசியில் ‘சுபம்’ என்று போட்டால் கதை தீர்ந்தது. போடாமல் விட்ட படங்களிலும் நாயகன் சாவது ஒரே ஒருமுறைதான். வீடியோ கேமில் அப்படியில்லை. அங்கே நாயகன் சாவது அன்றாட வேலை. பள்ளத்தில் விழுவான், குண்டடி படுவான், ராட்சதச் சிலந்தியின் காலில் குத்துப்பட்டுத் தொங்குவான். கண்ணிமைக்கும் நேரத்தில் பழைய செக்பாயின்ட்டில் எழுந்து நிற்பான். நூறுமுறை செத்திருந்தாலும் அதில் ஒன்றுகூடக் கதைக் கணக்கில் சேராது. இதற்கே பழகிப்போன ஆட்டக்காரரிடம், கடைசியில் வந்து “இந்தச் சாவு மட்டும் நிஜம்” என்று சொன்னால் அவர் சும்மா கேட்டுக்கொள்வாரா? எங்கேயோ ஒரு வழி இருக்கும் என்று தேடத்தான் செய்வார். அத்தனை நேரம் ஆட்டமே அவருக்கு அதைத்தானே கற்றுக்கொடுத்தது!

இன்னொன்றும் உண்டு. சினிமா பார்த்துவிட்டு வருகிறவர் “ஹீரோ செத்துட்டான்” என்பார். கேம் ஆடும் பிள்ளை “நான் செத்துட்டேன்” என்று கத்தும். முடிவு மங்கலாக இருக்கும்போது வரும் கோபத்துக்கும் தவிப்புக்கும் வேர் இங்கேதான். அது யாரோ ஒருவனின் கதை அல்ல, தன் கையால் நடத்திவந்த உயிர்.

செத்துப் பிழைத்த கமாண்டர்

ஷெப்பர்ட் விஷயத்தில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. கனடாவின் எட்மன்டன் நகரத்து பயோவேர் நிறுவனம் 2007, 2010, 2012 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக இந்த விண்வெளிக் கதையைச் சொன்னது. இரண்டாம் பாகம் தொடங்குவதே ஷெப்பர்டின் சாவோடுதான். கப்பல் சிதறி, வெற்றுவெளியில் மூச்சுக்காற்று இல்லாமல் இறந்துபோகிறார். ‘லாசரஸ்’ என்று பெயரிட்ட திட்டத்தில் இரண்டு ஆண்டுகள் செலவழித்து அவரை மறுபடி கட்டி எழுப்புகிறார்கள். ஆக, செத்தவர் திரும்பி வரலாம் என்பது இந்தக் கதையின் சட்டத்திலேயே இருக்கிறது.

அதே இரண்டாம் பாகம் எதிர்த்திசையிலும் ஒரு கதவைத் திறந்து வைத்தது. அதன் இறுதிப் பணியில் ஆட்டக்காரர் தவறு மேல் தவறு செய்து, அணியில் இருவர்கூட மிஞ்சாமல் போனால் ஷெப்பர்டும் இறந்துபோவார். அது செக்பாயின்ட் சாவு அல்ல, கதைச் சாவு. அந்த சேவ் கோப்பை மூன்றாம் பாகத்துக்குக் கொண்டுபோகவே முடியாது. என் கணக்கில் வீடியோ கேம் வரலாற்றின் மிக நேர்மையான சாவு இதுதான். நீ செய்தாய், நீயே ஏற்றுக்கொள்.

மூன்றாம் பாகம் அந்த நேர்மையைக் கைவிட்டது. பால்வெளியையே அழிக்க வந்த ‘ரீப்பர்’ இயந்திரங்களை என்ன செய்வது என்று, ஒரு சிறுவனின் உருவில் வரும் செயற்கை அறிவு மூன்று வழி காட்டுகிறது. அழிக்கலாம், சிவப்பு ஒளி. அடக்கி ஆளலாம், நீலம். உயிரையும் இயந்திரத்தையும் ஒன்றாகக் கலக்கலாம், பச்சை. நீலத்திலும் பச்சையிலும் ஷெப்பர்டின் உடல் கரைந்துபோகிறது. சிவப்பைத் தேர்ந்தெடுத்து, கூடவே போர்ப் பலத்துக்கான புள்ளியும் போதிய அளவு இருந்தால் மட்டும் அந்த மூச்சுக் காட்சி வரும். முதலில் அந்த வரம்பு 4000. சில சூழல்களில் 5000. மல்டிபிளேயர் ஆடாதவர்களுக்கு இந்தப் பலம் பாதியாகத்தான் கணக்கிடப்பட்டது. தனியாகக் கதையை மட்டும் ஆடிய பலருக்கு ஷெப்பர்டின் மூச்சு கடைசிவரை எட்டவேயில்லை.

‘முடிவு ஏ, பி, சி என்று பிரித்துச் சொல்லும்படியான ஆட்டமாக இது இருக்காது’ என்ற பொருளில் இயக்குநர் கேசி ஹட்சன் வெளியீட்டுக்கு முன்பு பேட்டி கொடுத்திருந்தார். ரசிகர்கள் அதை மறக்கவில்லை. காசு திரட்டி பயோவேர் அலுவலகத்துக்கு 400 கப் கேக்குகள் அனுப்பினார்கள். சிவப்பு, நீலம், பச்சை என மூன்று நிறப் பூச்சு, மேலே ஏ, பி, சி எழுத்துகள். கடித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே வெனிலா! எதிர்ப்பைக் காட்ட இதைவிட இனிப்பான வழி இருக்க முடியாது. பயோவேர் அவற்றை ஆதரவற்ற இளைஞர்களுக்கான காப்பகம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டது. அதே ரசிகர்கள் ‘சைல்ட்ஸ் பிளே’ என்ற குழந்தைகள் நல அறக்கட்டளைக்கு 80,000 டாலருக்கு மேல் திரட்டியும் கொடுத்தார்கள். வசைகளும் மிரட்டல்களும் பறந்த அந்த வாரங்களில், நினைவில் வைக்கத் தகுந்தவை இவை இரண்டும்தான்.

எல்லாமே கனவா?

இந்தக் கோபத்தின் நடுவே முளைத்ததுதான் ‘இன்டாக்ட்ரினேஷன்’ கோட்பாடு. ரீப்பர்கள் அருகில் இருப்பவர்களின் மனதை மெல்ல மெல்லத் தம் வசமாக்கும் என்பது முதல் பாகத்திலிருந்தே கதையில் உள்ள செய்தி. ரசிகர்கள் கேட்டார்கள்: லண்டனில் ரீப்பரின் கதிர் தாக்கி ஷெப்பர்ட் விழுந்த பிறகு நடப்பதெல்லாம் ஏன் அவர் மனதுக்குள் நடக்கும் போராட்டமாக இருக்கக் கூடாது?

சாட்சிகள் பலமானவை. தொடக்கத்தில் வரும் சிறுவனை ஷெப்பர்டைத் தவிர வேறு யாரும் கண்டுகொள்வதே இல்லை. அவருடைய கனவுகளில் கறுப்பு நிழல்கள் முணுமுணுக்கின்றன. கதிர் தாக்கிய பிறகு அவர் கையில் இருக்கும் துப்பாக்கியில் குண்டு தீர்வதே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக நிறங்கள். மூன்று பாகங்களிலும் நல்வழிக்கு நீலம், முரட்டு வழிக்குச் சிவப்பு என்று கற்பித்துவிட்டு, கடைசியில் மட்டும் எதிரியின் ஆசையான ‘அடக்கி ஆள்’ என்பதற்கு நீலத்தையும், நண்பர் ஆண்டர்சனின் வழியான ‘அழி’ என்பதற்குச் சிவப்பையும் ஏன் பூசினார்கள்? அழிக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தவர் மட்டும் ஏன் கான்கிரீட் இடிபாட்டில் கண்விழிக்கிறார்?

அழகான வாதம். எழுதியவர்கள் கொடுத்த முடிவைவிட ரசிகர்கள் கட்டிய இந்த முடிவில்தான் கதைத்திறன் அதிகம் என்பேன். ஆனால் இதை ஏற்க முடியாது. எழுத்துக் குழுவில் இருந்த கிறிஸ் ஹெப்ளர் 2021-ல் ஒரு பேட்டியில், இது முழுக்க ரசிகர்களின் படைப்பு என்று சொல்லிவிட்டார் என்பது எனக்குக் காரணம் அல்ல. எழுதியவர் நினைக்காத பொருள் படைப்பில் இருக்கலாம். என் மறுப்பு வேறு. எல்லாம் கனவு என்றால் போர் முடியவில்லை, ரீப்பர்கள் அப்படியே நிற்கிறார்கள், லண்டன் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. ஷெப்பர்டின் உயிரைக் காப்பாற்றப் போய்க் கதையின் உயிரை எடுத்துவிடுகிறது இந்தக் கோட்பாடு.

2012 ஜூன் 26 அன்று ‘எக்ஸ்டெண்டட் கட்’ என்ற இலவச நீட்டிப்பைப் பயோவேர் வெளியிட்டது. மூச்சுக்கான புள்ளி வரம்பையும் குறைத்தார்கள். அதில் ஒரு சிறிய காட்சி. கப்பலில் இறந்தவர்களின் பெயர்ப் பலகைகள் பதித்த சுவர். ஷெப்பர்டின் காதலுக்குரியவர் அவருடைய பெயர்ப் பலகையைக் கையில் ஏந்தி வருகிறார். மற்ற முடிவுகளில் அதைச் சுவரில் பதிக்கிறார். மூச்சுக் காட்சி வரும் முடிவில் மட்டும் தயங்குகிறார், பதிக்காமல் நிற்கிறார். விளக்கம் கேட்டவர்களுக்குப் பக்கம் பக்கமாக வசனம் எழுதித் தந்த நீட்டிப்பில், வசனமே இல்லாத இந்த இடம்தான் உண்மையான பதில். என் தீர்ப்பு: அந்த முடிவில் ஷெப்பர்ட் உயிரோடு இருக்கிறார். அடுத்த ஆட்டத்துக்காக 2020 டிசம்பரில் வந்த முன்னோட்டத்தில், அவருடைய தோழி லியாரா பனிக்குள்ளிருந்து என்7 கவசத் துண்டு ஒன்றை எடுத்துப் புன்னகைக்கிறார். அது சாட்சி ஆகாது, அது விளம்பரம்.

பரிசாகக் கிடைக்கும் உயிர்

நாயகன் பிழைத்தான் என்ற செய்தியை ஆட்டக்காரரின் உழைப்புக்குக் கூலியாகக் கொடுக்கும் வழக்கத்தை மாஸ் எஃபெக்ட் தொடங்கிவைக்கவில்லை. 2007-ல் பங்ஜி நிறுவனம் வெளியிட்ட ‘ஹேலோ 3’ முடிவில் நாயகன் மாஸ்டர் சீஃபின் கப்பல் இரண்டாக அறுபடுகிறது. ஒரு பாதி பூமிக்கு வந்துசேர்கிறது. அவர் இருந்த பாதி வரவில்லை. பூமியில் அஞ்சலி நடக்கிறது, நினைவுச் சின்னத்தில் அவருடைய எண் 117 கீறப்பட்டிருக்கிறது. எழுத்துகள் ஓடி முடியும்வரை பொறுத்திருந்தவருக்குத்தான் அவர் விண்வெளியில் மிதக்கும் அரைக் கப்பலில் உயிரோடு உறங்கப் போகிறார் என்பது தெரியும். மிகக் கடினமான ‘லெஜண்டரி’ நிலையில் முடித்தவருக்கு இன்னும் ஒரு துண்டு: கப்பல், பெயர் தெரியாத ஒரு கோளை நோக்கிப் போகிறது. அந்தக் கோள் எது என்று சொல்ல 2012-ல் ‘ஹேலோ 4’ வரவேண்டியிருந்தது.

ஹேலோவில் இது உறுத்தவில்லை. அங்கே உயிர் எல்லோருக்கும் பொது, கூடுதல் தகவல்தான் பரிசு. மாஸ் எஃபெக்டில் உயிரையே பரிசாக்கினார்கள். ஓர் உயிரின் விலை 4000 புள்ளி என்று எழுதிவைத்துவிட்டு அதை மர்மம் என்று அழைத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

சில முடிவுகள் மங்கலாக இருப்பதற்குக் கலை காரணமே அல்ல, கம்பெனி நிலவரம்தான் காரணம். வால்வ் நிறுவனத்தின் ‘ஹாஃப்-லைஃப் 2: எபிசோடு டூ’ 2007 அக்டோபரில், தந்தை எலியின் சடலத்தின் மேல் விழுந்து நாயகனின் தோழி அலிக்ஸ் அழும் இடத்தில் அறுந்து நின்றது. அடுத்த பகுதி வரவேயில்லை. கதாசிரியர் மார்க் லெய்ட்லா நிறுவனத்தை விட்டு விலகிய பிறகு, 2017-ல் பெயர்களை மாற்றி அந்தக் கதையின் மிச்சத்தைத் தன் இணையதளத்தில் போட்டார். 2020-ல் வந்த ‘ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்’ எலியின் சாவையே இல்லாமல் ஆக்கிவிட்டது! பதின்மூன்று ஆண்டுத் துக்கத்தை ஒரே காட்சியில் துடைத்துவிட்டார்கள்.

‘தி வாக்கிங் டெட்’ ஆட்டத்தின் கிளமென்டைனுக்கு வந்த ஆபத்து இதைவிட விசித்திரம். எட்டு வயதுச் சிறுமியாக 2012-ல் அறிமுகமானவள், 2018-ல் கடைசிப் பருவத்தின் பாதியில் இருந்தபோது தயாரிப்பு நிறுவனமான டெல்டேல் ஏறத்தாழ எல்லா ஊழியர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பிணங்கள் துரத்தியும் சாகாதவள், கணக்குப் புத்தகத்தால் நடுவழியில் நின்றாள். ஸ்கைபவுண்ட் நிறுவனம் எடுத்து நடத்தியதால் 2019 மார்ச்சில் முடிவு வந்தது. அதில் அவள் கடிபடுகிறாள். வளர்ப்புப் பிள்ளை ஏஜே கோடரியை ஓங்குகிறான். காட்சி அறுபடுகிறது. கழுத்துக்கா, காலுக்கா என்று ஆட்டக்காரர் துடித்து முடித்த பிறகுதான் ஒரு கால் இழந்து ஊன்றுகோலோடு அவள் வந்து நிற்பாள். சிலருக்கு இது ஏமாற்று வேலையாகப் பட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையைக் காலை வெட்டிக் கடியை நிறுத்தலாமா என்ற கேள்வியை முதல் பருவத்திலேயே அவளைக் காத்துவந்த லீயின் கையை வைத்து எழுப்பியவர்கள், ஏழு ஆண்டு கழித்து அதற்குப் பதில் சொன்னார்கள்.

ஈ மொய்க்கும் இடம்

உண்மையிலேயே மங்கலான முடிவு வேண்டுமென்றால் டென்மார்க்கின் பிளேடெட் நிறுவனம் 2010-ல் வெளியிட்ட ‘லிம்போ’வைப் பார்க்க வேண்டும். கறுப்பு வெள்ளை. பேச்சே கிடையாது. தங்கையைத் தேடி ஒரு சிறுவன் காட்டுக்குள் நடக்கிறான், மிகக் கோரமாகச் சாகிறான், மறுபடி நடக்கிறான். கடைசியில் ஒரு கண்ணாடித் தடுப்பை உடைத்துக்கொண்டு மெதுவாகப் பறந்து விழுகிறான். எழுந்து நடந்தால் மரவீட்டின் கீழே ஒரு சிறுமி முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். இவன் நெருங்கவும் அவள் நிமிர்கிறாள். முடிந்தது.

சோகத்தை அதற்குப் பிறகு வரும் முகப்புப் பக்கத்தில் ஒளித்துவைத்திருக்கிறார்கள். அதே மரம், அதே இடம். ஏணி உளுத்துக் கிடக்கிறது. மனிதர் யாரும் இல்லை. தரையில் இரண்டு இடங்களில் மட்டும் ஈக்கள் மொய்க்கின்றன. ஆட்டத்தைத் தொடங்கும்போது நாம் கவனிக்காமல் பொத்தானை அழுத்தித் தாண்டிவந்த பக்கம் அது. சிறுவன் தொடக்கத்திலேயே இறந்தவனா? அந்தக் கண்ணாடி விபத்துக்குள்ளான ஒரு வாகனத்தின் கண்ணாடியா? இருவரும் மரத்திலிருந்து விழுந்தார்களா? எதற்கும் ஆட்டம் முத்திரை குத்தவில்லை. ஆனால் இரண்டு இடம் என்பது தெளிவு. சாட்சியை முழுதாக வைத்துவிட்டு வாக்குமூலத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். நல்ல மங்கல் என்பது இதுதான்.

ஜேம்ஸ் எங்கே போனார்?

இதற்கும் ஒருபடி மேலே போனது, ஒன்பது ஆண்டு முன்னதாகவே, ‘சைலன்ட் ஹில் 2’. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 2001-ல் வெளியிட்டது. மூன்று ஆண்டுக்கு முன் நோயில் இறந்த மனைவி மேரியிடமிருந்து கடிதம் வந்ததாக ஜேம்ஸ் சண்டர்லேண்ட் பனிமூட்டம் கவிந்த சைலன்ட் ஹில் என்ற ஏரிக்கரை ஊருக்கு வருகிறார். அவளை நோய் கொல்லவில்லை, தலையணையால் தானே கொன்றோம் என்பதை அங்கே நினைவுகூர்கிறார். அதன் பிறகு அவர் வாழ்வாரா?

இந்த இடத்தில் வேறொரு ஆட்டமாக இருந்தால் ‘வாழ் / சாவு’ என்று இரண்டு பொத்தான் காட்டியிருக்கும். இது எதையும் கேட்பதில்லை. ஏனென்றால் அதுவரை நம்மைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறது. காயம் பட்டதும் மருந்து போட்டோமா, அல்லது ரத்தம் ஒழுக ஒழுக ஜேம்ஸை நடக்கவிட்டோமா? பையைத் திறக்கும்போது மேரியின் படத்தை எடுத்துப் பார்த்தோமா, அல்லது தற்கொலை எண்ணத்தோடு திரியும் ஆஞ்செலாவிடமிருந்து வாங்கிவைத்த கத்தியையே திரும்பத் திரும்பப் பார்த்தோமா? முதல் வகையினருக்கு ஜேம்ஸ் லாரா என்ற சிறுமியோடு ஊரைவிட்டு வெளியேறும் முடிவு வாய்ப்பாகிறது. இரண்டாவது வகையினருக்கு இருண்ட திரையில் கார் உறுமும் ஓசை, பிறகு நீருக்குள் பாயும் ஓசை. உடம்பைப் பேணாதவனுக்கு உயிர்மேல் ஆசை இல்லை என்று ஆட்டம் தானாகவே முடிவுகட்டிவிடுகிறது. நாயகன் பிழைப்பானா என்ற கேள்விக்கு நாம் எப்போதோ, நமக்கே தெரியாமல், பதில் சொல்லிவிட்டோம்.

எது ‘உண்மையான’ முடிவு என்று தேடுபவர்கள் 2004-ல் வந்த நான்காம் பாகத்துக்கு ஓடுவார்கள். அதில் அடுக்குமாடி வீட்டின் மேற்பார்வையாளராக வரும் முதியவர் ஃப்ராங்க் சண்டர்லேண்ட். அவருடைய மகனும் மருமகளும் சில ஆண்டுகளுக்கு முன் சைலன்ட் ஹில்லில் காணாமல்போனார்கள் என்று ஒரு வரி வரும். அதை வைத்து ஜேம்ஸ் ஏரியில் மூழ்கினார் என்று பலர் தீர்ப்பெழுதிவிட்டார்கள். எனக்கு அந்த வரியில் மருமகள்தான் முக்கியம். வீட்டில் இறந்தவள் அந்த ஊரில் எப்படிக் காணாமல்போவாள்? ஜேம்ஸ் தன் காரில் அவளையும் ஏற்றிவந்தார் என்பதற்கு அது வலுச்சேர்க்கிறது. அவர் திரும்பிப் போனாரா என்பதற்கு அது எந்தப் பக்கமும் சாட்சி சொல்லவில்லை. ஊரைவிட்டு வெளியேறி, அப்பாவின் முகத்தில் விழிக்க முடியாமல் எங்கோ மறைந்து வாழ்பவரும் காணாமல்போனவர்தான்.

போலந்தின் புளூபர் டீம் 2024 அக்டோபரில் வெளியிட்ட மறுஆக்கம் இந்த வழக்கில் புதுச் சாட்சி ஒன்றைக் கூண்டில் ஏற்றியது. ஊரெங்கும் சிதறிக் கிடக்கும் 26 புகைப்படங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள பொருள்களை எண்ணி, படத்தின் கீழுள்ள வாசகத்தில் அத்தனையாவது எழுத்தை எடுத்துக் கோத்தால், ‘நீ இருபது ஆண்டுகளாக இங்கேதான் இருக்கிறாய்’ என்று செய்தி வருகிறது. ஜேம்ஸ் இந்த ஊரிலேயே சுழன்றுகொண்டிருக்கிறார், எல்லா முடிவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை என்ற பழைய வாதம் மறுபடி உயிர்பெற்றது. பழைய ஆட்டத்தில் ஜேம்ஸின் உடையிலேயே கிடக்கும் சடலத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதை ஆடிவரும் ரசிகர்களைப் பார்த்துச் சொன்ன குறும்பு வாசகம் அது என்றும் படிக்கலாம். நான் இரண்டாவது கட்சி. சுழற்சி என்றால் எந்தத் தேர்வுக்கும் எடை இல்லாமல் போய்விடும். மருந்து போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசமே இருக்காது.

இயக்குநர் யோகோ டாரோவின் ‘நியர்: ஆட்டோமேட்டா’ (2017) மட்டும் நாயகனின் உயிரை வைத்து ஆடும் இந்த விளையாட்டைத் தலைகீழாக்கியது. நாயகர்கள் இறந்த பிறகு, அவர்களை மீட்கலாமா என்று அவர்களோடு வந்த துணைக் கருவிகள் இரண்டும் தமக்குள் பேசிக்கொள்கின்றன. மீட்பதென்றால், ஓடும் பெயர்ப் பட்டியலோடு ஆட்டக்காரர் சண்டையிட வேண்டும். தனியாக முடியாது, முகம் தெரியாத மற்ற ஆட்டக்காரர்கள் உதவிக்கு வருவார்கள். வென்ற பிறகு ஆட்டம் கேட்கிறது: உனக்கு உதவியதுபோல் நீயும் வேறொருவருக்கு உதவ வேண்டுமானால், உன் சேவ் கோப்புகள் அனைத்தும் அழிந்துபோகும், சம்மதமா? சம்மதித்தால் உண்மையாகவே அழித்துவிடும். திரும்பி எழுபவர்கள் இன்னொருமுறை அதே பாதையில் போய் மடிவார்களா என்பதும் தெரியாது.

இனி ஆடப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘எந்த முடிவுக்கு என்ன செய்ய வேண்டும்’ என்ற பட்டியல்கள் கைபேசியில் ஒரு தட்டலில் கிடைக்கின்றன. முதல்முறை ஆடும்போது அவற்றைத் திறக்காதீர்கள். பட்டியலைப் பார்த்து மருந்து போட்டால் ‘சைலன்ட் ஹில் 2’ வெறும் பட்டன் கணக்காகிவிடும். எந்த முடிவு வந்ததோ அதை முதலில் ஏற்றுக்கொண்டு, மற்றவற்றைப் பிறகு தேடுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு: அந்த ஆட்டம் வயதுவந்தோருக்கு மட்டுமானது, அதன் கதையில் தற்கொலை நேரடியாகவே வருகிறது. வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.